பெரட்டில் புகுந்த அந்நியன்



1996ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் டாலி என்னும் செம்மறியாடு பிறந்த செய்தியை நம்மில் பலர் அறிவோம். வளர்ந்த ஆடு ஒன்றின் உயிரணுவிலிருந்து உருவாக்கப்பட்ட ஆடு அது. 2003 பிப்ரவரியில் அதற்கு ஊசி போட்டு உயிரைப் போக்க வேண்டியதாயிற்று. அது பிறந்த விதம்தான் காரணம் என்று அப்போது பலர் பேசிக்கொண்டார்கள். அதுவன்று. அதன் நுரையீரலில் புற்றுக்கட்டி வளர்ந்திருந்தது. அந்தக் கட்டியை உண்டாக்கியது ஒரு வைரஸ்.

தென்னாப்பிரிக்கர் இந்நோயை 'யாக்சீக்டே' என்பார்கள். 'விரட்டு நோய்' என்று பொருள். யாரோ விரட்டி ஓடிவந்தது போல ஆடு நின்ற இடத்திலேயே இரைக்கும். பின்னங்கால்களைத் தூக்கிப் பிடித்தால் மூக்கின் வழியே நீர் கொட்டும். காற்றறைகளில் நீர் சுரக்கும் உயிரணுக்களே கட்டியாகப் பெருகிவிடுவதால் வரும் நீர் அது.

கண்ணுக்குத் தெரியாத வைரஸ் இவ்வளவு பெரிய வேலையை எப்படிச் செய்கிறது?

கோலா கெத்தில் வட்டாரத்தில் தோட்டத்திலே வளர்ந்த நமக்குப் பெரட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் எல்லாரும் கூடுவோம். செக்ரோலில் எல்லார் பெயரும் இருக்கும். ஆனால், இன்று பால் வெட்டுக்கு இன்னார், மருந்தடிக்க இன்னார், வீடு திரும்ப இன்னார் என்று மண்டோர் பிரித்துவிடுவார். நம் உயிரணுவிலும் இதே ஏற்பாடுதான். ஒவ்வோர் உயிரணுவிலும் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் உள்ளன. கண்ணிலும் அவைதான், நுரையீரலிலும் அவைதான். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவை வேலைக்குக் கூப்பிடப்படுகின்றன என்பதே வேறுபாடு. இதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறார்கள்.

வைரஸிடம் இருப்பவை சில மரபணுக்களே. அது நம் உயிரணுவுக்குள் நுழைந்து, நம் செலவிலேயே தன் புரதங்களைச் செய்துகொள்கிறது. அவற்றுள் சில புரதங்கள் நேரே பெரட்டுக் களத்துக்குப் போய் மண்டோரின் வாயை அடைத்துவிடுகின்றன. ஆட்டு வைரஸில் இந்தக் காரியத்தைச் செய்வது அதன் மேலுறைப் புரதம். 2005இல் ஆராய்ச்சியாளர்கள் முழு வைரஸை விட்டுவிட்டு, அந்த ஒரு புரதத்தை மட்டும் எலிகளின் நுரையீரலில் உண்டாகச் செய்து பார்த்தார்கள். கட்டி தோன்றியது. சட்டையே கத்தியான கதை!

மனிதருக்கு வருவோம். கருப்பைவாய்ப் புற்றில் பாப்பிலோமா வைரஸ் இருப்பதை 1980களில் காட்டிய ஜெர்மானியர் ஹரால்ட் சுர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். அந்த வைரஸ் இ6, இ7 என இரு புரதங்களைச் செய்கிறது. நம் உயிரணுவில் பி53 என்ற காவற்புரதம் உண்டு. மரபுப்பொருள் பழுதானால் 'பெருகாதே, முதலில் பழுது பார்' என்று உத்தரவிடும் மரபணுக்களை அது கூப்பிடும். பழுது மிஞ்சிப்போனால் உயிரணு தானே மடியவும் வழி செய்யும். இ6 இந்தக் காவலரை நம் உயிரணுவின் குப்பைக் கிடங்குக்கே அனுப்பி அழிக்கிறது. இ7, ஆர்பி என்னும் இன்னொரு காவலரைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு, பெருக்கத்துக்கான மரபணுக்களெல்லாம் கூப்பிடாமலே வேலைக்கு வந்துவிடும்.

நுரையீரலில் இதே பி53ஐக் கெடுப்பதில் முதலிடம் புகையிலைப் புகைக்கு. வைரஸ் காவலரையே அழிக்கிறது. புகையோ அவரைச் செய்யும் மரபணுவைக் கெடுக்கிறது. ஆகவே, சளிக்காய்ச்சல் வந்தவரெல்லாம் நுரையீரல் புற்றை எண்ணி நடுங்க வேண்டாம். நடுங்க வேண்டியது சிகரெட்டைப் பற்ற வைக்கும்போது.

நம் நாட்டில் 2010 முதல் 13 வயது மாணவியருக்குப் பள்ளியிலேயே பாப்பிலோமா தடுப்பூசி இலவசமாகப் போடப்பட்டு வருகிறது. பெற்றோர் கையெழுத்து வேண்டும். அந்தத் தாள் சில வீடுகளில் மடித்தபடியே கிடக்கிறது. எங்களிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த பிள்ளை ஒருத்தியின் தாயார் அதைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் பள்ளிக்கே வந்துவிட்டார். "கிருமிய எதுக்கு டீச்சர் கிருமிக்குள்ளாற விடணும்? நாளைக்குப் புள்ள பொறக்காமப் போயிட்டா?" என்று கேட்டார்.

கேட்க வேண்டிய கேள்விதான். நாங்கள் சொன்னோம்: "இந்த ஊசியில் கிருமி இல்லையம்மா. கிருமியின் வெற்றுக் கூடு மட்டும் இருக்கிறது. அதற்குள் மரபணு கிடையாது. இ6ம் இல்லை, இ7ம் இல்லை. திருடனின் சட்டையை மட்டும் காட்டி 'இவன் வந்தால் பிடி' என்று நம் உடம்புக்குச் சொல்லிவைப்பது போல. கருப்பையை அது தொடுவதில்லை. கிருமி உள்ளே வருமுன் சொல்லிவைத்தால்தான் பயன். அதனால்தான் இந்த வயதிலேயே போடுகிறார்கள்."

அம்மா சற்று நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களிடம் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார். "எனக்கு இந்த ஊசி இல்லையா டீச்சர்?" என்றார். அவர் வயதுக்கு அதைவிட அவசியமானது கருப்பைவாய்ச் சோதனை. அரசாங்க கிளினிக்கில் அதைச் செய்கிறார்கள் என்றோம். அடுத்த வாரம் நாங்களும் உடன் போய் வந்தோம்.