கிளிஞ்சல் கத்தியும் ஆயுத பூஜையும்

(வேலூர்ப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)

ஆயுத பூஜையன்று நாம் கத்திக்கும் உளிக்கும் பொட்டு வைத்துக் கும்பிடுகிறோம். ஆனால் அதே கத்தியைப் பிடித்துத் தோலில் ஒட்டிய சவ்வைச் சீவுகிறவனை மட்டும் ஊருக்கு வெளியே சேரியில் வைத்தோம். கருவி தெய்வமாம், அதைப் பிடித்த கை தீட்டாம்! இது எந்த ஊர் நியாயம்?

கருவிகளை விசுவகர்மா செய்து கொடுத்தான் என்று புராணம் சொல்லுகிறது. அதைக் கண்டவர் ஒருவருமில்லை. மனிதன் தானே செய்துகொண்டான் என்பதற்கோ சாட்சி மண்ணிலேயே கிடக்கிறது.

அந்தமான் தீவுகளின் ஆதிக்குடிகளுக்கு இரும்பு உருக்கத் தெரியாது. சேற்றில் கிடைத்த மட்டிக் கிளிஞ்சல்தான் அவர்களுக்குக் கத்தி. அதன் விளிம்பால் அம்புக் கோலைச் சீவினார்கள். மரப்பட்டையைச் சுரண்டி நாரெடுத்துக் கயிறு திரித்தார்கள். அதையே கரண்டியாகவும் வைத்துக்கொண்டார்கள். 1858-ல் வெள்ளைக்காரர் போர்ட் பிளேயரில் கைதிகளைக் குடியேற்றிய பிறகு, அங்கு அதிகாரியாயிருந்த இ. எச். மான் என்பவர் 1880-களில் இவற்றை விவரமாக எழுதி வைத்தார். அம்மக்கள் தின்று போட்ட கிளிஞ்சல்கள் அங்கே மேடு மேடாகக் கிடக்கின்றன. சவுல்தாரி என்னுமிடத்து மேட்டை ஆராய்ந்ததில் அது சுமார் 2,200 வருஷத்துப் பழமையுடையதென்று தெரிந்தது.

பசிபிக் சமுத்திரத்துப் பவளத் தீவுகளிலும் இதே கதைதான். அங்கே உளி செய்யத்தக்க கெட்டிக் கல் கிடையாது. ஆகவே ராட்சச மட்டியின் தடித்த ஓட்டை உடைத்து, தேய்த்து, கூராக்கி, பிடி கட்டி, வாய்ச்சியாக்கி மரத்தைக் குடைந்து ஓடம் செய்தார்கள். கல் இல்லையே என்று அவர்கள் தலைவிதியை நொந்துகொண்டு உட்காரவில்லை.

இன்னொன்றைக் கவனியுங்கள். உடைந்த கப்பல்கள் கரையொதுங்கியபோது அந்தமானியர் அவற்றின் இரும்பை எடுத்துத் தட்டி அம்பு முனை செய்துகொண்டார்கள். "நம் பாட்டன் பிடித்தது கிளிஞ்சல், ஆகையால் இரும்பைத் தொடுவது பாவம்" என்று அவர்கள் சொன்னார்களா? இல்லை. நல்லது என்று பட்டது, எடுத்துக்கொண்டார்கள். படித்த நமக்கு இந்தப் புத்தி இருக்கிறதா?

இப்பேர்ப்பட்டவர்களைத்தான் நாய்முகம் கொண்டவர்கள், மனிதரைத் தின்பவர்கள் என்று மார்க்கோ போலோ எழுதினான். நம் புராணக்காரர் எதிரிகளுக்குக் கொம்பும் கோரைப் பல்லும் வைத்த மாதிரிதான் இதுவும். வந்தவர்கள் கொண்டுவந்த நோய்களோ அம்மக்களை வாரிக்கொண்டு போயின. 1877-ல் பரவிய மணல்வாரி அம்மையில் ஏராளமானோர் மாண்டார்கள். இன்று பெரிய அந்தமானியரில் மிஞ்சியிருப்பவர் சில பத்துப் பேரே. அப்படியானால் காட்டுமிராண்டி யார்?

தோழர்களே! சுரண்டுவதும் சீவுவதும் இழிதொழில் அல்ல. மனிதன் மனிதனானதே அதனால்தான். அன்று கிளிஞ்சலைப் பிடித்த கையும், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோலைச் சீவிய கையும் ஒரே வித்தையைக் கற்ற கைகள். அந்தத் தோலில் செய்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, செய்தவனை இழிவாய் நினைப்பது வெட்கக்கேடு அல்லவா?

ஆகவே அடுத்த ஆயுத பூஜைக்குக் கத்திக்குப் பொட்டு வைக்குமுன், கத்தி பிடிக்கிறவனுக்கு உங்கள் வீட்டுக்குள் ஒரு நாற்காலி போடுங்கள். கத்தி கோபித்துக்கொள்ளாது.