நெஞ்செரிவும் கர்ப்பிணித் தாய்மாரும்
(பிள்ளைமடுவத்தில் தாய்மார் மத்தியில் ஆற்றிய உரை)



லயம் லயமாக நாங்கள் போகும்போது பிள்ளைத்தாய்ச்சிகள் சொல்வது, "நெஞ்சு எரியுது, புளித்தண்ணி தொண்டைக்கு ஏறுது." பிள்ளைக்கு முடி அதிகம்னு பெரியவங்க சொல்லுவாங்க. முடி இருக்கட்டும். கர்ப்பகாலத்தில் இரைப்பையின் மேல்வாய் தளர்கிறது, வளரும் கருப்பை கீழிருந்து நெருக்குகிறது.

வெறும் தேத்தண்ணியோடு மலைக்குப் போய், பகலில் கொச்சிக்காய்ச் சம்பலும் ரொட்டியும் வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே குனிஞ்சா எரியாம என்ன செய்யும்? கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடுங்கள். இராச்சாப்பாட்டுக்கு 2, 3 மணித்தியாலம் கழித்தே படுங்கள். ஆனால் எல்லாரும் தின்ற பிறகு தின்று, அப்படியே சாய்வது மருமகள்தானே! மாமிமாரே, அவளுக்கு முதலில் போடுங்கள்.

அப்பச்சோடா கரைத்துக் குடிக்க வேண்டாம். மிட்வைப் அம்மாவிடம் மருந்து கேளுங்கள். அதையும் இரும்புச்சத்துக் குளிசையையும் ஒன்றாகப் போடாதீர்கள், 2 மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கினாலும் சத்து சரியாகச் சேராது.

பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் எரிவு அடங்கிவிடும். ஆனால் 5 மாதத்துக்குப் பிறகோ, பெற்ற 6 கிழமைக்குள்ளோ, வலது விலாவுக்குக் கீழே கடுமையான நோவு, விடாத தலையிடி, கண் மங்கல் வந்தால் "கேஸ்" என்று இஞ்சித் தண்ணி கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். பிரஷர் கூடியிருக்கலாம், தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. விடியட்டும் என்று பார்க்காமல், கிடைத்த வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கிளினிக் கார்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.