பல்லாவரத்துக் கற்கள்



எங்கள் கோமாரியில் புகையிரதத்தின் ஓசை கேட்பதில்லை. கீழ்க்கரைத் தண்டவாளம் மட்டக்களப்போடு நின்றுவிடுகின்றது. காலையில் பேருந்தேறி அக்கரைப்பற்றுக்கும் கல்முனைக்கும் தொழிலின் நிமித்தம் சென்று மாலையில் திரும்புவோர் எம்மிடையேயும் உண்டு. ஆயினும் ஓர் ஊர் முழுவதுமே விடியலிற் புறப்பட்டு அந்தியில் வீடு சேரும் காட்சியை நாம் இங்கே காண இயலாது. அத்தகைய ஊரொன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். சென்னைக்குத் தெற்கேயுள்ள பல்லாவரம் அது.

1931ஆம் ஆண்டிலே சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டி ஓடத் தொடங்கிற்று. தூரம் ஏறத்தாழ 29 கிலோமீற்றர். அதன்பின் அப்பாதையின் இருமருங்கிலும் இருந்த வயல்கள் மெல்ல மெல்ல வீட்டு மனைகளாயின. தாம்பரத்துக்கு மூன்று நிலையங்கள் முன்னதாக நிற்பது பல்லாவரம். 2021இல் அது தாம்பரம் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. தனி நகராட்சி என்ற பெயரும் போயிற்று. காலை வண்டியிலே தொங்கிக்கொண்டு செல்பவரை நிறுத்தி, உம்முடைய ஊரின் வயதென்ன என்று கேட்டால், பாவம், அவர் கைக்கடிகாரத்தைத்தான் பார்ப்பார்!

அவ்வூரின் வயதை முதலில் உணர்ந்தவர் ஒரு மண்ணியல் அறிஞர். இந்திய மண்ணியல் ஆய்வுத் திணைக்களத்தில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பார், 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், பல்லாவரத்துப் படைவீட்டின் அருகே சரளை தோண்டிய ஒரு குழியிலே, மனிதன் செதுக்கிய கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். நம் பகுதியிற் கிறவல் என்கிறோமே, அதைப்போன்ற செந்நிறச் சரளைதான். ஆதி மனிதன் கல்லாயுதம் செய்தான் என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் பரவலாக ஒப்புக்கொண்டதே 1859இல்தான். பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கிற் கிடைத்த கற்களே அதற்குச் சான்றாயின. நான்கே ஆண்டுகளில் அதே கதையைப் பல்லாவரமும் சொல்லிற்று. இந்தியாவின் பழங்கற்கால ஆராய்ச்சி அந்தக் குழியிலேதான் தொடங்கியது. அதே ஆண்டில் ஃபூட்டும் அவருடைய தோழர் கிங்கும் அத்திரம்பாக்கத்திலும் கல்லாயுதங்களைக் கண்டனர். அவ்விடத்துக் கருவிகள் பதினைந்து இலட்சம் ஆண்டுப் பழமையுடையன என்று 2011இல் வெளியான ஆய்வு கூறுகின்றது.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். அது பாதைக்குக் கல் எடுத்த குழி. அக்கணத்தில் ஃபூட்டின் பார்வை வேறெங்கேனும் இருந்திருப்பின், அந்தக் கோடரியும் ஏதோவொரு தெருவிலே வண்டிச் சக்கரத்தின் கீழ் நொறுங்கியிருக்கும். அவர் வாழ்நாளிலே திரட்டிய பெருந்தொகுதி 1904இல் சென்னை அரும்பொருட்காட்சிச்சாலையைச் சேர்ந்தது. பல்லாவரத்துக் குன்றுகளில், இறந்தோரை இட்டுப் புதைத்த கால்கள் பொருந்திய சுடுமண் பேழைகளை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே அலெக்சாண்டர் ரீ என்பவர் கண்டார்.

இனி, குன்றின் மேலுள்ள குகைக்கு வருவோம். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் அது. ஐந்து கருவறைகள் உடையது. மன்னனின் விருதுப் பெயர்கள் கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளன. பல்லவபுரம் என்ற பெயரே பல்லாவரம் எனத் திரிந்தது என்பர். அந்தக் குகை இன்று முஸ்லிம் மக்களின் தர்காவாக விளங்குகின்றது. கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் நாயகத்தின் நினைவாகக் கொடியேறுவதைக் கண்டு வளர்ந்த நம் நேயர்களுக்கு இது வியப்பாக இராது. கோயில் எவ்வாறு தர்காவாயிற்று என்று வழக்காடுவோர் வழக்காடட்டும். எனக்குத் தோன்றுவது வேறு.

அக்குன்றுகளின் கல் பெயர்பெற்ற கல். கல்கத்தாவை நிறுவியவர் எனப்படும் யோப் சார்னக்கின் கல்லறைக்கு இப்பகுதிக் கருங்கல்லே கொண்டுசெல்லப்பட்டது. 1893இல் தோமஸ் ஹாலந்து என்ற மண்ணியலாளர், அந்த வகைப் பாறைக்குச் சார்னக்கைட் என்று பெயரிட்டார். நமது மலைநாட்டிலும் இப்பாறை மிகுதியாக உண்டு. உறுதியான கல்லென்றால் விடுவார்களா? சென்னை வளர வளரப் பல்லாவரத்தையும் திரிசூலத்தையும் சூழ்ந்த குன்றுகள் உடைபட்டன. வீட்டுக்கு அத்திவாரம் வேண்டும், பாதைக்குச் சல்லி வேண்டும், தண்டவாளத்தின் கீழும் கல் வேண்டும். மலை இருந்த இடங்களிற் பள்ளங்கள் உள்ளன. மழைக்காலத்தில் அவற்றில் நீர் நிற்கின்றது. உடைத்தவர்களைத் தீயவர் என்று நான் சொல்லமாட்டேன். கூலிக்கு உடைத்தார்கள், வீடு கட்டக் குடும்பஸ்தர்கள் வாங்கினார்கள்.

குகை மட்டும் எஞ்சியதேன்? பல்லவ மன்னனின் பெயர் அதைக் காத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அங்கே வந்து கையேந்தி நிற்க மனிதர் இருந்தனர். பிள்ளைக்கு நோயென்றும் மகளுக்குக் கலியாணமென்றும் படியேறி வருகின்ற இடத்தில் எவன் துணிந்து வெடிமருந்து வைப்பான்?

எங்கள் பகுதியிலும் பாதைகள் அகலமாகின்றன. பொத்துவில் வீதியிலே கிறவல் ஏற்றிய லொறிகள் போவதைக் காணும்போதெல்லாம், அவற்றிலிருந்து சிந்திய கற்களை நான் குனிந்து பார்ப்பதுண்டு. இதுவரை எதுவும் அகப்படவில்லை. வீட்டில் உள்ளவர்கள் சிரிக்கிறார்கள்.