மாத்திரைக்கு அட்டை கேட்பதில்லை
(காந்திபுரத்தில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது)



எங்க குழுவில் ஒரு அக்கா ஒரே வருசத்தில் மூணு தடவை உள்கடன் கேட்டாங்க. காரணம், மருந்துச் செலவு. ரெண்டு தடவை நானும் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிட்டேன். மூணாவது தடவைதான் விசாரிச்சேன். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வெளிக்கடையில் மாத்திரை வாங்குறாங்க. மாசக் கடைசியில் காசு பத்தாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுறாங்க. காலில் புண் வந்து ஆறவே இல்லை. "இன்சூரன்ஸ் கார்டு இல்லைங்க அம்மிணி, நமக்கு யார் கொடுப்பாங்க?" என்றாங்க. முதல் தடவையே நான் கேட்டிருக்கணும்.

அதனால்தான் இதைச் சொல்றேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வேறு, மாத்திரை வேறு. அந்த அட்டைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கணும். ஆபரேசன், ஆஸ்பத்திரியில் படுத்துப் பார்க்கும் வைத்தியம் போன்ற பெரிய செலவுக்குத்தான் அது உதவும்.

தினமும் போடும் மாத்திரைக்கு வருமான வரம்பே இல்லை. பெரியாஸ்பத்திரி ஆகட்டும், நம்ம வார்டு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஆகட்டும், சீட்டுப் போட்டு டாக்டரைப் பார்த்தால் மருந்து இலவசம். ரேஷன் கார்டு எந்த வகையாக இருந்தாலும் சரி. "இலவச மாத்திரை கேட்குமா?" என்று சிலர் இழுப்பாங்க. 1994ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி, ஆய்வகத்தில் சோதிச்சுத்தான் அனுப்புது.

நடக்க முடியாதவங்க வீட்டுக்கே சர்க்கரை, பிரஷர் மாத்திரை வருது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அதுதான். பையைத் தூக்கிட்டு வருகிற தன்னார்வலர்களும் நம்மைப் போல குழுப் பெண்கள்தானுங்க.

வெளியில்தான் வாங்கணும் என்றால், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகமும், மத்திய அரசின் மக்கள் மருந்தகமும் இருக்கு. டாக்டர் சீட்டோடு யாரும் போகலாம். கம்பெனிப் பேர் வேறாக இருக்கும், மருந்து அதேதான். சீட்டில் மருந்தின் மூலப்பெயரையும் எழுதச் சொல்லிக் கேளுங்க, கடையில் சுலபமாக எடுத்துக் கொடுப்பாங்க.

ஒன்றுக்கு மட்டும் தகுதி உண்டு: இ.எஸ்.ஐ. மில்லிலோ கம்பெனியிலோ மாசச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்கி, இ.எஸ்.ஐ. பிடித்தம் ஆகிறவங்களுக்கும் குடும்பத்துக்கும் அங்கே மருந்து இலவசம். வீட்டில் யாருக்காவது பிடிக்கிறாங்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்க.

அந்த அக்கா இப்போ சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கித் தினமும் போடுறாங்க. புண் ஆறிடுச்சு. நாலாவது கடன் கேட்கலை.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த மாசக் கூட்டத்தில் சேமிப்பு வசூலிச்ச கையோடு, "யாராவது மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருக்கீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்க. மருந்துக்கென்று கடன் கேட்டால், பணத்தைக் கொடுங்க, கூடவே சுகாதார நிலையத்துக்கும் கூட்டிட்டுப் போங்க.