சுவர்க்கோழியும் ஒரு மில்லிமீட்டர் புழுவும்



1990களின் நடுவில், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டங்கன் வாட்ஸ் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். மரத்தில் வாழும் ஒருவகைச் சுவர்க்கோழிகள் எப்படி ஒரே தாளத்தில் கத்துகின்றன என்பது அவருடைய கேள்வி. நெறியாளர் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் இத்தகைய ஒத்திசைவுக் கணக்குகளில் வல்லவர். ஆனால் எந்தப் பூச்சி எதற்குச் செவிகொடுக்கிறது? பக்கத்துக் கிளையில் இருப்பதற்கா, மரம் முழுவதற்குமா? இது தெரியாமல் கணக்கு நகராது. உலகில் யாரும் அமெரிக்க அதிபருக்கு ஆறு கைகுலுக்கல் தொலைவுதான் என்று அப்பா ஒருமுறை சொன்னதும் வாட்ஸின் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. இரண்டும் யார் யாரோடு இணைந்திருக்கிறார்கள் என்ற ஒரே கேள்விதான்; பூச்சியை விட்டு இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொள்ள நெறியாளரும் சம்மதித்தார். (அப்படி ஒருவர் வாய்ப்பது கொடுப்பினை, முனைவர் பட்டம் வாங்குவோருக்குத் தெரியும்.)

இருவரும் கண்டது எளியது. பெரும்பாலான இணைப்புகள் அக்கம்பக்கத்தோடு இருக்கட்டும். ஒருசில மட்டும் தொலைவுக்குப் பாயட்டும். கூட்டம் கூட்டமாக இருக்கும் அமைப்பு குலையாது, ஆனால் தொலைவு சட்டென்று சுருங்கிவிடும். இதைச் சோதிக்க முழுமையாகத் தெரிந்த வலைப்பின்னல்கள் வேண்டும். யார் யாரோடு நடித்தார்கள் என்று காட்டும் திரைப்பட நடிகர்களின் பட்டியல் கிடைத்தது, மேற்கு அமெரிக்காவின் மின்கட்டமைப்பும் கிடைத்தது. மூன்றாவது, ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவின் நரம்பு மண்டலம்.

அந்தப் புழுவுக்கு 302 நரம்பணுக்கள். கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னரின் குழுவினர் அதை மெல்லிய சீவல்களாக்கி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து, ஒவ்வொரு நரம்பையும் கையாலேயே பின்தொடர்ந்து, 1986இல் 340 பக்கங்களில் வெளியிட்டிருந்தார்கள். 1998இல் 'நேச்சர்' இதழில் வந்த வாட்ஸ்–ஸ்ட்ரோகாட்ஸ் கட்டுரை மூன்றே பக்கம். உலகம் கொண்டாடியது அந்த மூன்று பக்கத்தை. எனக்கோ 340 பக்கத்தின் மேல் மரியாதை ஒரு படி கூடுதல். பின்னால் யார் வந்து என்ன கேட்பார்கள் என்று தெரியாமலேயே ஒழுங்காகச் செய்து வைத்த வேலை அது.

இத்தனைக்கும் அந்தப் புழு அடுத்து என்ன செய்யும் என்று இணைப்பு வரைபடத்தை மட்டும் வைத்து இன்றும் சொல்லிவிட முடிவதில்லை. நரம்பு இணைப்புகளுக்கு வெளியேயும் வேதிச் செய்திகள் பரவுகின்றன; அவை அந்தப் படத்தில் இல்லை. 2024இல் பழ ஈயின் மூளை முழுவதற்கும் வரைபடம் வந்துவிட்டது. ஏறத்தாழ 1.4 லட்சம் நரம்பணுக்கள்! யாரும் எடுத்துப் பார்க்கலாம்; ஆனால் அதைப் புரிந்துகொள்ளக் கணிதமும் விலங்கியலும் கைகோக்க வேண்டும். ஆகவே, இன்று இந்தப் பட்டமளிப்பு விழாவின் மதிய விருந்தில் கணிதத் துறைக்காரர்கள் தயவுசெய்து விலங்கியல் துறைக்காரர்களின் மேசையில் போய் உட்காருங்கள்.