வரையறையும் தாய்வழியும்: ஓராங் அஸ்லி மகளிரின் சட்டவுரிமை



மொழியியல் படித்தவனுக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். சட்டம் சொற்களால் ஆனது. ஏறத்தாழ ஒவ்வொரு சட்டத்தின் தொடக்கத்திலும் வரையறைப் பிரிவு ஒன்று உண்டு. உள்ளே இருப்பவர் யார், வெளியே நிற்பவர் யார் என்பதை அப்பிரிவே முடிவு செய்கிறது. பின்னர் வரும் உரிமைகள் யாவும் அந்த வாயிலைக் கடந்தவர்க்கே உரியவை. தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிகளாகிய ஓராங் அஸ்லி மக்களுக்கான சட்டத்தின் வரையறையை இன்று உங்களோடு சேர்ந்து வாசிக்க விரும்புகிறேன். அது அச்சமூகத்துப் பெண்ணை எங்கே நிறுத்துகிறது என்பதே நம் வினா.

ஓராங் அஸ்லி என்பது ஒரே இனத்தின் பெயரன்று. நெகிரித்தோ, செனோய், புரோட்டோ மலாய் என்னும் மூன்று பெரும்பிரிவுகளில் 18 இனக்குழுக்களை அரசு வகுத்துள்ளது. செமாய், தெமியார், பாத்தேக், ஜஹாய் முதலியோரின் மொழிகள் ஆஸ்திரோ ஆசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மோன், கெமர் மொழிகளுக்கு உறவானவை. தெமுவான், ஜக்குன் மக்களின் பேச்சு மலாய்க்கு நெருக்கமானது.

இம்மக்களுக்கான சட்டம் 1954இல், அவசரகாலத்தில், பிரிட்டிஷ் ஆட்சியின்போது இயற்றப்பட்டது. இன்று அது 134ஆம் சட்டம் என வழங்குகிறது. அதன் 3ஆம் பிரிவு, பூர்வகுடியினர் யார் என்பதை மூன்று வகையாகச் சொல்கிறது. முதல் வகை: தந்தை பூர்வகுடி இனக்குழுவைச் சேர்ந்தவராக இருக்க, பூர்வகுடி மொழி பேசி, அம்மக்களின் வாழ்க்கைமுறையையும் வழக்கங்களையும் பின்பற்றுபவர், அவருடைய ஆண்வழிச் சந்ததியினரும் இதில் அடங்குவர். இரண்டாம் வகை: குழந்தைப் பருவத்தில் தத்தெடுக்கப்பட்டு அவ்வாறே வளர்க்கப்பட்டவர். மூன்றாம் வகை: பூர்வகுடிப் பெண்ணுக்கும் வேற்றின ஆணுக்கும் பிறந்த பிள்ளை. ஆனால், அப்பிள்ளை பூர்வகுடி வாழ்க்கைமுறையை வழக்கமாகப் பின்பற்றி, அச்சமூகத்தின் உறுப்பினராகத் தொடர்ந்து இருத்தல் வேண்டும்.

இங்கே சற்று நின்று கவனியுங்கள். ஆண்வழிச் சந்ததி என்ற தொடருக்குப் பின் எந்த நிபந்தனையும் இல்லை. பெண்ணின் பிள்ளையைப் பற்றிய தொடரில் நிபந்தனை இருக்கிறது. நம் இலக்கணம் ‘செயின்’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்று ஒன்றைச் சொல்லும். ‘பின்பற்றின்’, ‘தொடரின்’ என்னும் அந்த எச்சத்தில்தான் ஒரு தாயின் பிள்ளைக்குரிய அடையாளம் தொங்கிக்கொண்டிருக்கிறது.

எடுத்துக்காட்டாக, தாப்பாவில் ஒரு செமாய்க் குடும்பத்தில் பிறந்த அண்ணனையும் தங்கையையும் எண்ணிப் பாருங்கள். இருவரும் செமாய் பேசி வளர்ந்தவர்கள். இருவரும் வேற்றினத்தவரை மணந்து கோலாலம்பூரில் குடியேறுகின்றனர். அண்ணனின் மகன் செமாய் மொழியில் ஒரு சொல்லும் அறியாதவனாக இருந்தாலும் ஆண்வழிச் சந்ததி என்ற சொற்களுக்குள் அடங்கிவிடுவான். தங்கையின் மகள் தாயிடம் செமாய் மொழியை முழுமையாகக் கற்றிருந்தாலும், அந்த வாழ்க்கைமுறையில் தொடர்கிறாள் என்பதைக் காட்டியாக வேண்டும். ஐயம் எழுந்தால் முடிவு செய்பவர் அமைச்சர். இதுவும் அதே பிரிவில் உள்ளது.

இந்த வேறுபாடு அம்மக்களின் மரபிலிருந்து வந்ததா? செமாய், தெமியார் மக்கள் உறவைத் தாய்வழியிலும் தந்தைவழியிலும் ஒருங்கே எண்ணுபவர்கள் என்பதை மானிடவியலார் பதிவுசெய்துள்ளனர். பாத்தேக் மக்களிடையே வாழ்ந்து ஆய்வுசெய்த கர்க் எண்டிகாட், கேரன் எண்டிகாட் இணையர் 2008இல் வெளியிட்ட நூலின் தலைப்பே, அங்கே தலைவராக விளங்கியவர் ஒரு பெண் என்பதைச் சொல்கிறது. மலாய் மொழியின் ‘பெங்ஹுலு’ என்னும் சொல் தலை எனப் பொருள்படும் ‘ஹுலு’ என்பதிலிருந்து பிறந்தது. அதில் பால் வேறுபாடு இல்லை. நம் ‘தலைவர்’ என்னும் சொல்லும் அப்படியே. ஆனால் 134ஆம் சட்டத்தின் ஆங்கில வாசகம் ஊர்த்தலைவருக்குத் தேர்ந்த சொல்லோ ஆணைக் குறிக்கும் சொல். ஆகவே, இந்த ஆண்வழிக் கணக்கை மக்கள் அனைவரின் வழக்கம் என்று கொள்வதற்கில்லை. எழுதியவர்களின் பழக்கம் அதில் படிந்திருக்கிறது.

வரையறையில் தொடங்குவது நிலத்தில் வந்து முடிகிறது. 2009இல் வகுக்கப்பட்ட ஓராங் அஸ்லி நிலக் கொள்கை, குடும்பத் தலைவர் ஒவ்வொருவருக்கும் 2 முதல் 6 ஏக்கர் வரை விளைநிலம் வழங்க முற்பட்டது. குடும்பத் தலைவர் என்பதும் பாலற்ற சொல்லே. நடைமுறையில் அந்தக் கட்டத்தில் எழுதப்படுவது பெரும்பாலும் கணவரின் பெயர். ஊர்ப்பொதுவாக இருந்த காட்டில் கிழங்கு அகழவும் மூங்கில் வெட்டவும் ஒரு பெண் எவருடைய பெயரையும் நாட வேண்டியிருக்கவில்லை. பொதுநிலம் தனிப்பட்டாவாகும்போது அவள் உரிமை கணவர் பெயரின் நிழலுக்குள் சென்றுவிடுகிறது. 2010 மார்ச் 17இல் ஓராங் அஸ்லி மக்கள் புத்ராஜெயாவுக்கு அணிவகுத்துச் சென்று இக்கொள்கையை எதிர்த்து மனு அளித்தனர்.

சட்டத்தை எப்படி வாசிக்கிறோம் என்பதும் உரிமையைத் தீர்மானிக்கும். டெங்கிலில் நெடுஞ்சாலைக்காக நிலம் இழந்த தெமுவான் மக்கள் தொடுத்த சாகோங் தாசி வழக்கில், 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், 1954ஆம் ஆண்டுச் சட்டம் அடிப்படையில் மனித உரிமைச் சட்டம் என்று கூறி, அம்மக்களின் மரபுவழி நிலவுரிமையை உறுதிசெய்தது. அந்த நோக்கோடு வாசித்தால், தாயின் பிள்ளைக்கு மட்டும் கூடுதல் சோதனை வைப்பது பொருந்துமா? 2001ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் நம் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, பாலின அடிப்படையிலான பாகுபாட்டையும் விலக்குகிறது. பூர்வகுடிகளின் நலனுக்காகத் தனிவிதிகள் செய்ய அதே பிரிவு இடமளிக்கிறது. நலனுக்கான அந்த இடம், அச்சமூகத்துப் பெண்ணைக் குறைத்து எண்ணுவதற்கான இடமாகிவிடலாகாது.

வரையறைகள் மாறக்கூடியவை. கனடாவின் இந்தியர் சட்டமும் 1876 முதல் ஆண்வழியையே அளவுகோலாகக் கொண்டிருந்தது. வெளியாரை மணந்த பூர்வகுடிப் பெண் தன் தகுதியை இழந்தாள். மாலிசீட் இனத்தவரான சாண்ட்ரா லவ்லேஸ், மணமுறிவுக்குப் பின் தாயகம் திரும்ப இயலாத நிலையில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார். தம் மக்களோடு கூடித் தம் பண்பாட்டைத் துய்க்கும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டது என்று 1981இல் குழு முடிவு கூறியது. அதற்கு அடிப்படையான விதி, சிறுபான்மையினரின் பண்பாடு, சமயம், மொழி ஆகியவற்றைக் காக்கும் விதி. கனடா 1985இல் சட்டத்தைத் திருத்தியது; எஞ்சிய வேறுபாடுகளை அகற்ற மேலும் 30 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நம் நாட்டிலும், சரவாக்கில் பெற்றோருள் ஒருவர் மட்டும் பூர்வகுடியாக இருக்கும் பிள்ளைகளை ஏற்காதிருந்த வரையறை 2022இல் மாற்றப்பட்டது. அங்கே முடிந்தது தீபகற்பத்திலும் முடியும்.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தை ஆசிரியர்கள் அறிவீர்கள். தேசியப் பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வழிசெய்யும் அதே வரையறைதான், இயலும் இடங்களில் பூர்வகுடி மொழிகளுக்கும் வழிசெய்கிறது. செமாய் மொழி பள்ளிக்குள் வந்தது இவ்வழியே. பிள்ளைக்குத் தாய்மொழி வகுப்பு வேண்டும் என்று கேட்க அங்கே தாயின் கையொப்பம் செல்லும். அந்த மொழியைப் பிள்ளைக்கு ஊட்டியவளும் அவளே. ஆனால் அப்பிள்ளையின் அடையாளத்திற்கு 134ஆம் சட்டத்தில் அவள் வழி மட்டும் போதாது.

மாணவச் செல்வங்களே, எந்தச் சட்டத்தை எடுத்தாலும் வரையறைப் பிரிவை முதலில் வாசியுங்கள். ‘வழி’, ‘தலைவர்’, ‘எனில்’ போன்ற எளிய சொற்களில் நின்று, இச்சொல் யாரைச் சேர்க்கிறது, யாரை விலக்குகிறது என்று கேளுங்கள். ஆசிரியர்களே, நிபந்தனைத் தொடரைக் கற்பிக்கும் வகுப்பில் இந்த 3ஆம் பிரிவையும் ஒரு பயிற்சியாக வையுங்கள். ‘ஆண்வழி’ என்னும் சொல்லைப் ‘பெற்றோர்வழி’ என மாற்றி எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சொல் மாறினால் எத்தனை பிள்ளைகள் உள்ளே வருகிறார்கள் என்பதை அவர்களே கண்டுகொள்வர்.