அரை நிமிடத்தில் என்ன செய்யலாம்?

தோட்டத்தை விட்டு ஈப்போவுக்குக் குடிவந்த குடும்பங்களிலும் இன்று பிள்ளைகள் பியானோ படிக்கிறார்கள். கேள்வி ஞானத்துக்குக் குறைவில்லை. கேட்ட பாட்டை அப்படியே வாசித்து விடுகிறார்கள். புதிய தாளை முன்னே வைத்தால்தான் விரல் நின்று விடுகிறது.

ஏபிஆர்எஸ்எம் செய்முறைத் தேர்வில் மொத்தம் 150 புள்ளிகள். தேர்ச்சிக்கு 100 வேண்டும். பார்த்தவுடன் வாசிக்கும் 'சைட் ரீடிங்' பகுதிக்கு மட்டும் 21. தாளைப் பார்க்க அரை நிமிடம் தருவார்கள். அதற்குள் வாசித்தும் பார்க்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. முதலில் தாளம் என்ன, எந்தச் சுருதி என்று பார்க்க வேண்டும். பிறகு கடினமான இடத்தை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். வாசிக்கத் தொடங்கியபின் தவறினாலும் நிறுத்தக் கூடாது. திரும்பிப் போகவும் கூடாது.

பண்ணைப்புரத்திலிருந்து கேள்வி ஞானத்தோடு வந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைக்குறிப்பு கற்றார். அவர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்தே வயலின் கலைஞர்கள் ஒலிப்பதிவில் வாசித்தார்கள். காது தந்த செல்வத்தைக் கண் பெருக்கியது.

வீட்டில் தினமும் ஐந்து நிமிடம் போதும். படிக்கும் கிரேடைவிட எளிதான, இதுவரை பார்க்காத ஒரு சிறு பாடத்தை, கையைப் பார்க்காமல் மெதுவாக வாசிக்கட்டும். மறுநாள் வேறொன்று; பழகியதையே வாசித்தால் அது மனப்பாடம்.

பெற்றோருக்கு இசைக்குறிப்பு தெரியாதே என்ற தயக்கம் வேண்டாம். பஜனையில் தாளம் போட்ட கைதானே! பக்கத்தில் அமர்ந்து சீராகத் தட்டுங்கள். பிள்ளை நிற்காமல் வாசிக்கப் பழகும்.